ஸ்லாப் போட்ட 1939 ஒரு ரூபாய்: நம்பர் சரியாக வந்தால் போதுமா?

சேதுக்கரை | 14-6-2025, இரவு 9.12
ராமநாதபுரத்தில் ஒருவர் ஆறாம் ஜார்ஜ் 1939 ஒரு ரூபாய் வைத்திருக்கிறார், கிடைப்பதற்கு அரிய வருஷம். காசுக்குத் தரம் (கிரேடு) போடும் என்.ஜி.சி. கம்பெனியின் ஸ்லாப், அதாவது நம்பர் லேபிளோடு மூடி ஒட்டிய பிளாஸ்டிக் டப்பா. கிரேடு எம்.எஸ். 62, புழங்காத காசுக்குரியது. நம்பரைக் கம்பெனியின் தளத்தில் அடித்தால் சரியாக வருகிறது. காசு, வருஷம், கிரேடு எல்லாம் பொருந்துகிறது. பணம் ரொக்கமாக வேண்டுமாம், திருப்பி எடுக்க மாட்டாராம். நம்பர் பொருந்தினால் வாங்கலாம் என்பது என் கணக்கு. யாராவது மறுப்பதாக இருந்தால் காரணத்தோடு மறுங்கள்.

தொண்டி | 14-6-2025, இரவு 9.20
ரொக்கம், ரிட்டர்ன் கிடையாது. இதுக்கு மேல காரணம் வேணுமா?

கீழக்கரை | 14-6-2025, இரவு 10.47
காரணம் இருக்கிறது. நம்பர் என்பது லேபிளில் அச்சடித்த எழுத்து. நிஜமான ஸ்லாப் ஒன்றின் படத்தை ஏலத் தளத்திலிருந்து எடுத்து, அதே நம்பரை ஐம்பது போலி டப்பாவில் அச்சடித்தால் ஐம்பதும் தளத்தில் "சரி" என்றே வரும். போலி ஸ்லாப் நேற்று முளைத்த விஷயம் இல்லை. 2000-களின் கடைசியிலேயே என்.ஜி.சி.யும், அதே போல் கிரேடு போடும் பி.சி.ஜி.எஸ். கம்பெனியும் எச்சரிக்கை விட்டன.

நம்பர் பொருந்துவது ஆரம்பம்தான். வரிசையாகச் செய்ய வேண்டியது:

லேபிளில் கியூ.ஆர். கட்டம் இருந்தால் அதை ஸ்கேன் பண்ணாதீர்கள். அது போலித் தளத்துக்குக் கொண்டுபோகலாம். முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். என்.ஜி.சி. தளம் நம்பரோடு கிரேடையும் கேட்கும், இரண்டையும் லேபிளைப் பார்த்தே கொடுங்கள்.

படம் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா நம்பருக்கும் படம் இருக்காது, பழைய சமர்ப்பிப்புகளில் பெரும்பாலும் இருக்காது. இருந்தால் பாதி வேலை முடிந்தது. காசைக் கடிகார முகமாக நினைத்து, 12 மணியிலிருந்து சுற்றி வந்து மூன்று அடையாளம் தேடுங்கள்: கன்னத்தில் ஒரு கீறல், உருவமும் எழுத்தும் இல்லாத பரப்பில் ஒரு பொட்டு, விளிம்பை ஒட்டிய ஒரு கறை. கீறலும் பொட்டும் மாறாது. கறை கூடலாம், குறையாது. கீறலோ பொட்டோ ஒன்று பொருந்தாவிட்டாலும் கிளம்பிவிடுங்கள்.

பிறகு டப்பாவின் ஓரம். ஒரிஜினல் ஸ்லாப்பின் இரண்டு பாதியும் அல்ட்ராசோனிக் முறையில் உருக்கி ஒட்டப்பட்டவை. நகத்தை ஓரத்தில் சுற்றி ஓட்டினால் ஒரே சீராகப் போகும். பிரித்து மறுபடி ஒட்டியிருந்தால் வெண்மையான அழுத்தத் தடமும், பசை வழிந்து உறைந்த மினுக்கமும் இருக்கும். மூலைகளில்தான் முதலில் தெரியும், அங்கேதான் கத்தியைச் செருகுவார்கள்.

சேதுக்கரை | 15-6-2025, காலை 6.55
படம் இல்லை. ஓரம் சுத்தமாக இருக்கிறது.

உச்சிப்புளி | 15-6-2025, காலை 8.30
அப்ப எடையும் அடர்த்தியும் பார்க்கலாம்னு சொல்லுவேன், ஆனா காசு டப்பாவுக்குள்ள. வெளியில இருக்கிற ரூபாய்க்கு உதவட்டும்னு எழுதி வைக்கிறேன்.

0.01 கிராம் காட்டுற தராசு. மேல ஒரு டம்ளர் தண்ணி, தராசை பூஜ்யமாக்கணும். காசை நைலான் நூல்ல கட்டி, முழுசா முங்கணும், அடியிலயும் பக்கத்துலயும் தொடக்கூடாது. தராசு காட்டுறது இடம்பெயர்ந்த தண்ணியோட எடை. 11.66 கிராம் ரூபாய், 91.7 சதவீத வெள்ளின்னா சுமார் 1.13 காட்டும். 1940-லேருந்து வந்த பாதி வெள்ளி ரூபாய் (50 வெள்ளி, 40 செம்பு, நிக்கல் 5, துத்தநாகம் 5) 1.22 பக்கம். ஜெர்மன் சில்வர் போலி அதே எடையில இருந்தா 1.35 தாண்டும். காசுல காத்துக்குமிழ் ஒட்டியிருந்தா கணக்கு கெட்டுடும், தண்ணில ஒரு சொட்டு சோப்பு விடுங்க.

கீழக்கரை | 15-6-2025, காலை 9.05
உச்சிப்புளி தம்பி, கணக்கெல்லாம் சரிதான், ஆனால் இந்தக் காசுக்கு அது செல்லாது. போலி 1939-ஐ எதிலிருந்து செய்கிறார்கள்? 1938-இலிருந்து. 8-ஐச் செதுக்கி 9 ஆக்குகிறார்கள். 1938-உம் அதே 11.66 கிராம், அதே 91.7 வெள்ளி. எடை, அடர்த்தி, காந்தம், ஓசை எல்லாவற்றிலும் தேறிவிடும், ஏனென்றால் அது நிஜமான அரசாங்க ரூபாய், ஒரே ஒரு எண் மட்டும் பொய்.

அடர்த்திச் சோதனை பிடிப்பது இன்னொரு வகையை, 1940-ஐ 1939 ஆக்கியதை. அதில் வெள்ளி பாதிதான். விளிம்பும் காட்டிக்கொடுக்கும். 1940-இல் செக்யூரிட்டி விளிம்பு வந்துவிட்டது, விளிம்பில் நெருக்கமாக இருக்கும் வரிகளுக்கு (வரிப்பல்) நடுவே ஒரு பள்ளம் சுற்றி ஓடும். 1938, 1939 இரண்டிலும் சாதாரண வரிப்பல் மட்டுமே. காசை நாலு முனையில் பிடிக்கிற ஸ்லாப் என்றால் விளிம்பு தெரியும், சாய்த்துப் பாருங்கள். வெள்ளை வளையம் முழுசாக மூடிய பழைய ரகம் என்றால் இந்த வழியும் அடைப்பு.

கடைசி எண்ணுக்கு 10 மடங்கு லென்ஸ் போதும். வெளிச்சம் பக்கவாட்டில், தாழ்வாக வரவேண்டும். நாணயச்சாலையில் அச்சடித்த எண்ணின் அடிவாரமும் தரையும் ஒரே தோலாகச் சேரும், மினுமினுப்பு தடையில்லாமல் எண்ணின் கால்வரை ஓடிவரும். செதுக்கியதில் எண்ணைச் சுற்றி ஒரு மங்கல் வட்டம், மெழுகிய மாதிரி. 9-இன் வால் மற்ற எண்களைவிட மெலிந்திருக்கும், உயரமும் குறையும்.

தொண்டி | 15-6-2025, காலை 9.31
இதே மாதிரி இன்னொண்ணு. 1911 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய். அரசர் அங்கியில இருக்கிற யானை பன்னி மாதிரி இருக்குன்னு கலாட்டா ஆகி, 1912-ல தும்பிக்கையை நீட்டி மாத்தினாங்க. இப்ப சந்தையில "1911" வருது, தும்பிக்கை ஜம்முன்னு நீளமா இருக்கு! 2-ஐச் சொரண்டி 1 ஆக்கினவன் யானையைப் பாக்க மறந்துட்டான்.

பாம்பன் | 15-6-2025, மதியம் 1.18
கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று. எந்த ஸ்லாப்? சேதுக்கரை சொல்வது என்.ஜி.சி. ஊரில் பாதி டப்பா வியாபாரியே தன் பெயரில் அச்சடித்தது. காலி ஸ்லாப் கூடும் லேபிள் பிரிண்டரும் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அதில் 65, 67 என்று போட்டுக்கொள்வதற்கு எந்தத் தடையும் இல்லை. விற்பவரும் கிரேடு போடுபவரும் ஒரே ஆள் என்றால் அது கிரேடு இல்லை, விலைச்சீட்டு.

பி.சி.ஜி.எஸ். 1986-இலும் என்.ஜி.சி. 1987-இலும் தொடங்கின. இரண்டும் காசு விற்பதில்லை என்பதில்தான் மதிப்பே. 70 புள்ளி அளவுகோல் அதற்கு முன்பே உண்டு. வில்லியம் ஷெல்டன் 1949-இல் அமெரிக்காவின் பெரிய செம்பு சென்ட் காசுகளுக்காக வகுத்தது.

சேதுக்கரை | 15-6-2025, இரவு 8.40
விளிம்பு தெரிகிற ரகம்தான். வரிப்பல் மட்டும், பள்ளம் இல்லை. லென்ஸில் 9-ஐச் சுற்றி மங்கல் இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. டப்பாவின் கீறல் வழியாகச் சரியாகத் தெரியவில்லை.

கீழக்கரை | 15-6-2025, இரவு 9.02
அந்தக் கீறல்களை யோசியுங்கள். காசைக் காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் கீறல், லேபிள் பக்கம் பளிச்சென்று இருந்தால், யாரோ வேண்டுமென்றே உப்புத்தாள் ஓட்டியிருக்கலாம். சும்மா புழங்கிய டப்பாவில் கீறல் எல்லாப் பக்கமும் இருக்கும், மூலையில் கூடுதலாக.

பிளாஸ்டிக் பாலிஷ் ஒரு துளி, மென்மையான துணி, வட்டமாக. ஐந்து நிமிடத்தில் தெளிந்துவிடும். விற்பவர் அதற்குச் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில் லென்ஸைவிட வேகமாக வேலை செய்யும்.

சேதுக்கரை | 16-6-2025, மாலை 5.15
சம்மதிக்கவில்லை. "இன்னொரு பார்ட்டி வெயிட்டிங்" என்றார். விட்டுவிட்டேன்.

தொண்டி | 16-6-2025, மாலை 5.17
அந்த இன்னொரு பார்ட்டி எப்பவுமே வெயிட்டிங்தான் அண்ணே. பாவம், உக்கார நாற்காலிகூட குடுக்க மாட்டாங்க.

பாம்பன் | 16-6-2025, இரவு 10.30
வாங்குவதைப் பேசினோம், அனுப்புவதையும் பேசிவிடலாம். வீட்டிலிருக்கும் விக்டோரியா ரூபாயை வெளிநாட்டுக்கு கிரேடிங் அனுப்பலாமா என்று வாரம் ஒருவர் கேட்கிறார். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப்பொருள் சட்டப்படி நூறு வயது ஆன காசு தொல்பொருள். மத்திய அரசும் அது அதிகாரம் கொடுத்த அமைப்பும் தவிர வேறு யாரும் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்பக்கூடாது, கிரேடிங்குக்காகப் போய்த் திரும்பி வந்தாலும் அது ஏற்றுமதிதான். விக்டோரியா, ஏழாம் எட்வர்டு எல்லாம் உள்ளே. ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் ஏறக்குறைய எல்லாமே நூறு தாண்டிவிட்டது. ஆறாம் ஜார்ஜ் இன்னும் வெளியே. "கூரியர்ல பொம்மைன்னு எழுதிடலாம் சார்" என்கிற முகவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

கரையிலும் தோட்டத்திலும் கிடைப்பவைக்கு 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் வேறு இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 10 ரூபாய் என்பது அந்தக் காலத்து 10 ரூபாய், ஆனால் சட்டத்தில் இன்னும் அதுதான்.

உச்சிப்புளி | 17-6-2025, காலை 7.10
எல்லாரும் போலியைப் பத்தியே பேசுறீங்க. நம்ம ஊர்ல ஸ்லாப்போட பெரிய எதிரி உப்புக்காத்து. ஸ்லாப் காத்துப் புகாத பெட்டி இல்லை. கம்பெனிகளே அப்படிச் சொல்லிக்கிறதில்லை. தண்ணியும் போகும், ஆவியும் போகும், மெதுவா போகும். அவ்வளவுதான் வித்தியாசம்.

வெள்ளிக்கு எதிரி கந்தகம். மண்டபம், பாம்பன் பக்கம் கரையில ஒதுங்கின பாசி அழுகுற நாள்ல வர்ற அழுகின முட்டை வாசம் ஹைட்ரஜன் சல்ஃபைடு, வெள்ளியைக் கருக்குறது அதேதான். ஜன்னலோர பீரோவுல வச்ச ரூபாய் முதல்ல வைக்கோல் மஞ்சள், அப்புறம் செம்பழுப்பு, அப்புறம் நீலம், கடைசியா கரி. நீலம் வரைக்கும் சில பேர் "டோனிங்"னு கூடுதல் காசு கொடுத்து வாங்குறாங்க. ரப்பர் பேண்டும் பழைய நியூஸ் பேப்பரும் அதே வேலையைச் செய்யும்.

செம்புக்கு எதிரி குளோரைடு. வெளிர்பச்சைப் பொடி, ஊசிமுனை அளவுல, தொட்டா உதிரும். அது வெறும் களிம்பு இல்லை. அடியில செம்பு குளோரைடு உக்காந்திருக்கு, ஈரமும் ஆக்சிஜனும் கிடைச்சா அமிலம் உண்டாக்கி இன்னும் செம்பைத் தின்னும், அது மறுபடி குளோரைடு ஆகும். கெட்டியான, வழவழன்னு இருக்கிற கரும்பச்சை நல்ல தோல், அதைத் தொடாதீங்க. ரெண்டையும் குழப்பிக்கிட்டு நல்ல தோலை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்க்கிறவங்கதான் அதிகம்.

ஸ்லாப்புக்குள்ள பச்சைப் பொடி வந்துட்டா வெளியிலேருந்து வைத்தியம் கிடையாது. உத்தரவாதமும் கிடைக்காது, செம்போட நிறம் மாறினா கம்பெனி கை விரிச்சிடும். உடைச்சுத்தான் ஆகணும்.

தொண்டி | 17-6-2025, காலை 7.44
உடைக்கிறது எப்படின்னும் சொல்லிடுங்க. சுத்தியலோட ஒரு கோஷ்டி கிளம்பிடும்.

உச்சிப்புளி | 17-6-2025, காலை 8.20
சுத்தியல் வேண்டாம். முதல்ல எல்லாப் பக்கமும் போட்டோ, லேபிளோட. ஸ்லாப்பைத் தடிமனான துண்டுல சுத்தி, லேபிள் பக்கத்து மூலையை கட்டிங் பிளேயரால நெரிக்கணும், காசு இருக்கிற பக்கத்தைத் தொடக்கூடாது. ரெண்டு மூலை விட்டா ஓரம் பிளக்கும். கண்ணாடி போட்டுக்குங்க, பிளாஸ்டிக் தெறிக்கும். உடைச்ச லேபிளைத் தூக்கிப் போடாதீங்க, யாருக்கும் கொடுக்காதீங்க. நிஜ லேபிள் போலிக்காரனுக்குத் தங்கம். கம்பெனிக்குத் திருப்பி அனுப்பினா அந்த நம்பரைக் கணக்குலேருந்து எடுத்துடுவாங்க.

கீழக்கரை | 17-6-2025, காலை 10.02
இதோடு சேர்த்து ஒன்று: ஸ்லாப் படத்தைப் பொதுவில் போடும்போது நம்பரின் கடைசி மூன்று இலக்கத்தையும் பார்கோடையும் மறையுங்கள். பார்கோடை விட்டுவிட்டு நம்பரை மட்டும் மறைத்த படங்களே அதிகம். பார்கோடும் அதே நம்பர்தான்.

பாம்பன் | 18-6-2025, இரவு 9.50
செம்பு என்றதும் சேது காசுக்கு வந்தாக வேண்டும். "சேது" என்று தமிழில் எழுதி, மேலே பிறையோடு நந்தி படுத்திருக்கும் செம்புக்காசு. இதை ராமநாதபுரம் சேதுபதி காசு என்று லேபிள் போட்டும் விற்கிறார்கள். நின்ற அரசர் ஒரு பக்கம், நந்தியும் சேதுவும் மறுபக்கம் என்றால் அது யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்டது என்பதே ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் முடிவு. சேதுபதிகளின் காசு அதற்குப் பிந்தியது, சிறியது. "நம்ம ஊர் காசு" என்ற பாசத்தில் விலை ஏறுகிறது. பாசத்துக்கு ஸ்லாப்பில் இடம் இல்லை.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். என்.ஜி.சி.யின் பழங்காலக் காசுப் பிரிவு, தான் உண்மை என்று நம்பும் காசுக்கு மட்டுமே கிரேடு போடும். ஆனால் அது உண்மையானது என்பதற்கோ, இன்ன அரசர், இன்ன காலம் என்று சொல்வதற்கோ உத்தரவாதம் தருவதில்லை. இதை அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அச்சுக்கு 5, மேற்பரப்புக்கு 5 என்று தனித்தனியாகப் புள்ளி கொடுப்பார்கள், அது பயனுள்ளது. அழகன்குளத்தில் அகழாய்வில் பிற்கால ரோமானியச் செம்புகள் வந்தது தெரிந்த சேதி. அதைச் சொல்லியே "அழகன்குளம் ரோமன்" என்று கைமாறும் காசு ஏராளம். அகழாய்வில் வந்தது அரசிடம் இருக்கிறது. உங்களிடம் விற்பது வேறு எங்கோ கிடைத்தது, அல்லது எங்கேயும் கிடைக்காதது.

தொண்டி | 18-6-2025, இரவு 10.15
அதே வரிசையில: 1818 கிழக்கிந்தியக் கம்பெனி "யூ.கே.எல். ஒரு அணா", ராமர் பட்டாபிஷேகம் போட்டது. ராமேஸ்வரம் வர்ற ஆளுங்ககிட்ட சாமி காசுன்னு தள்ளுறது. கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை. பூஜைக்கு வச்சுக்கலாம், தப்பில்லை. அரிசியை இழுக்கும், கோடிக்குப் போகும்னு சொன்னா போலீஸ் ஸ்டேஷன் பக்கம் நடங்க.

அப்புறம் "உங்க பழைய அஞ்சு ரூபாய்க்கு ரிசர்வ் பேங்க் லட்சக்கணக்குல தரும், கமிஷன் மட்டும் முன்னாடி கட்டுங்க". 2021 ஆகஸ்ட்ல ரிசர்வ் வங்கியே அறிக்கை விட்டுச்சு, நாங்க இந்த வியாபாரத்துல இல்லைன்னு.

கீழக்கரை | 19-6-2025, காலை 11.25
தொண்டி சொல்வது சரி. ஆனால் கம்பெனியின் நிஜமான மதராஸ் செம்பு இருக்கிறது, 1808 பத்து காசு, இருபது காசு. பர்மிங்காம் சோஹோ நாணயச்சாலையில் அடித்ததை மதராஸுக்கு ஏற்றிக் கிளம்பிய அட்மிரல் கார்ட்னர் கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் எடுத்தார்கள். கப்பல் பெயரோடு ஸ்லாப்பில் வருவது அதுதான். கடலில் கிடந்த செம்பு என்பதால் உச்சிப்புளி சொன்ன குளோரைடு இதிலும் வரும். டப்பாவுக்குள் வெளிர்பச்சை முனை ஒன்று தெரிந்தாலும் கைவைக்காதீர்கள்.

நம்ம கரையில் கிடைக்கும், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வி.ஓ.சி. முத்திரை போட்ட செம்புகளும் அப்படியே. அதைக் கப்பலோட்டிய தமிழர் வெளியிட்ட காசு என்று விற்ற புண்ணியவானும் உண்டு.

சேதுக்கரை | 19-6-2025, இரவு 8.05
அப்போது கடற்கரைக்காரன் எதை ஸ்லாப் போடலாம், எதை விடலாம்? ஒரு வரியில்.

கீழக்கரை | 19-6-2025, இரவு 9.33
ஒரு வரியில் வராது. ஸ்லாப் தீர்ப்பது ஒரே சண்டையை: விலை உயர்ந்த, எல்லாருக்கும் தெரிந்த காசு நிஜமா, எவ்வளவு தேய்ந்தது என்ற சண்டையை. சந்தை விலை கிரேடிங் செலவைப் போல ஐந்து மடங்காவது இல்லையென்றால் வேண்டாம்.

வீட்டு வெள்ளி ரூபாய்களில் பாதி "டீடெயில்ஸ்" (நிஜம்தான், ஆனால் சேதப்பட்டது) என்றுதான் திரும்பும், எண் கிடைக்காது. இரண்டு காரணம். ஒன்று காசுமாலை: 12 மணி இடத்தில் வளையம் பற்றவைத்த தடம், எவ்வளவு ராவினாலும் வரிப்பல் அங்கே தட்டையாக இருக்கும். இரண்டு விபூதி. வெள்ளியை விபூதி போட்டு விளக்குவது நம் வீட்டுப் பழக்கம். விளக்கு வெளிச்சத்தில் காசைச் சாய்த்தால் ஒரே திசையில் ஆயிரம் மயிர்க்கீறல் மின்னும். நல்ல காசில் மினுமினுப்பு சக்கர ஆரம்போலச் சுழலும், இதில் சுழலாது.

உச்சிப்புளி | 20-6-2025, காலை 7.35
ஸ்லாப் இருந்தாலும் இல்லாட்டியும் பெட்டி இப்படி: சிலிக்கான் வளையம் வச்ச, இறுக்க மூடுற 5 லிட்டர் டப்பா, 50 கிராம் ஆரஞ்சு சிலிக்கா ஜெல் (ஈரத்தை உறிஞ்சும், நிறைஞ்சா பச்சையாகும்), ஒரு சின்ன ஈரமானி. 40 சதவீதத்துக்குக் கீழ நிக்கணும். 45 தாண்டினா கெட்ட செம்பு வேலையை ஆரம்பிச்சிடும். நம்ம ஊர்க் காத்து சும்மாவே 70-க்கு மேல, ஐப்பசி கார்த்திகையில கேக்கவே வேணாம். மழை நாள்ல டப்பாவைத் திறக்காதீங்க. ஏ.சி. ரூம்லேருந்து வெளிய கொண்டாந்து உடனே திறந்தா காசு மேல வேர்வை கட்டும், அரை மணி மூடியே வைங்க.

தொளதொள பி.வி.சி. கவர் வேண்டாம், பச்சைப் பிசுபிசுப்பு விடும். ஏற்கெனவே விட்டிருந்தா சுத்தமான அசிட்டோன்ல முக்கி எடுங்க, தேய்க்காதீங்க. வாசனை சேத்த நகப்பாலிஷ் ரிமூவர் வேற, அது வேண்டாம். மொடமொடன்னு இருக்கிற மைலார் கவர் நல்லது. அந்துருண்டை, கற்பூரம் ரெண்டும் பெட்டிக்குள்ள வேண்டாம்.

செம்புல குளோரைடு எடுக்க, டிஸ்டில்டு வாட்டர்ல தண்ணி மாத்தி மாத்தி ஊறவைக்கணும், வாரம் ஒருதரம் புதுசு. போர் தண்ணி இந்த ஊர்ல பாதி கடல், அதுல ஊறவச்சா நோயைக் கூட்டுறதுதான். பழைய தண்ணில ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பால் மாதிரி வெளுத்தா இன்னும் குளோரைடு வருதுன்னு அர்த்தம்.

சேதுக்கரை | 20-6-2025, காலை 9.10
டிஸ்டில்டு வாட்டர் எங்கே கிடைக்கும்? ஜெல் பச்சையானால் தூக்கிப் போடணுமா?

உச்சிப்புளி | 20-6-2025, மதியம் 12.50
பேட்டரிக்கு ஊத்துற தண்ணி, பெட்ரோல் பங்க்லயே கிடைக்கும். "டிமினரலைஸ்டு"ன்னு போட்டிருக்கணும், பேட்டரி ஆசிட் பாட்டிலும் பக்கத்துலயே இருக்கும், பாத்து எடுங்க. ஜெல்லை இரும்புச் சட்டியில சின்னத் தீயில வறுத்தா மறுபடி ஆரஞ்சு ஆயிடும், 120 டிகிரிக்கு மேல போக வேண்டாம். கருகினா செத்துச்சு. நீலம்-ரோஸ் நிறம் மாறுற பழைய ஜெல்லுல கோபால்ட் இருக்கு, அதைச் சமையல் சட்டியில போடாதீங்க.